அடக்கி வைத்த தண்ணீர்

பதினொரு வருஷமாகச் சட்டைக் காலர் தைக்கிறவள் அவள். வேலைக்கு வந்துவிட்டால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு தடவைதான் கழிப்பறைக்கு விடுவார்கள். குடித்துவிட்டு யார் அவஸ்தைப்படுவது?

அன்று மதியம் தையல்காரிகளுக்கு ஆரோக்கியம் பற்றிச் சொல்லித்தர நிர்வாகம் ஓர் ஆயுர்வேத வைத்தியரைக் கூட்டி வந்தது. சாப்பிட்டதும் மடமடவென்று தண்ணீர் குடித்தால் செரிமானத் தீ அணைந்துவிடும், வெதுவெதுப்பான நீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் என்றார். சூப்பர்வைசர் முதல் ஆளாகக் கைதட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, குடிச்ச தண்ணி அப்புறம் எங்க போகும்னு இந்த சாருக்கும் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"உட்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் சூப்பர்வைசர்.

"அடக்கி அடக்கி மூத்திரத்துல ரத்தமே வந்தாச்சு சார். இன்னும் என்ன அப்புறம்?"

சிரிப்பு சட்டென்று நின்றது. வைத்தியர் தரையைப் பார்த்தார்.

"அடக்கவே கூடாதும்மா. எங்க வைத்தியத்துல அதுதான் முக்கியம். அதை மட்டும் இங்க பேச வேண்டாம்னு சொன்னாங்க."

"சொன்னாங்களா? நல்லா இருக்கு!"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு நேரே கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.

"இன்னிக்கு இது மூணாவது தடவை சார். எழுதிக்குங்க."