வெள்ளை ராஜாவின் கோட்டையைத் தாண்டி

நடந்ததைத்தான் எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் நர்ஸாக வேலை பார்த்தவள். பிணவறைச் சாவி பல வருஷம் என்னிடம்தான் இருந்தது. என்னைப் பயந்த சுபாவம் என்று யாரும் சொன்னது கிடையாது. ஆனாலும் 1963 மார்கழியில், செஞ்சியில் ஒரு வீட்டுக் கூடத்தில், பகல் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தபோது என் கையில் பட்டது அங்கே எப்படி வந்தது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

என் பெயர் ரஞ்சிதம். சொந்த ஊர் திண்டிவனம். அந்த வருஷம் புரட்டாசியில் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு வீடு கொடுக்க எல்லாரும் தயங்கினார்கள். நீலாஞ்சனா அம்மா மட்டும் பின்கட்டு அறையைத் திறந்துவிட்டார்.

ஜைனக் குடும்பம். அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தனியாக இருந்தார். முதல் நாளே தன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். புருஷன் பெயர் ஜினேந்திரன். ரங்கூனுக்குப் போய், அங்கிருந்து சீனாவுக்குப் போனவர். யாங்சி ஆற்றில் ஓடிய ஒரு கம்பெனிக் கப்பலில் கிளார்க். மலைக்கு நடுவில் ஆறு நெருக்கிக்கொண்டு ஓடும் இடத்தில் கப்பல் கவிழ்ந்துவிட்டது என்று சேதி வந்தது. சேதி மட்டும்தான் வந்தது. அதற்கு மேல் அவர் அழவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

“மாமிசம் சமைக்கக் கூடாது. தண்ணிய துணியில வடிகட்டிக் குடி. பொழுது சாஞ்சா நான் சாப்பிட மாட்டேன், நீ உன் இஷ்டத்துக்குச் சாப்டு,” என்றார். அவ்வளவுதான் வாடகைக்கு நிபந்தனை.

மார்கழி பிறந்தது.

ஒருநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு டியூட்டி முடிந்து வந்தேன். கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல்.

“அப்பறம்?”

கொஞ்ச நேரம் அமைதி.

“அவ்ளோ உயரமா? சூரியனே தெரியாதா?”

மறுபடி அமைதி.

விருந்தாளி என்று நினைத்து என் அறைக்குப் போய்விட்டேன். அரைமணி கழித்துக் கதவு திறந்தது. அம்மா மட்டும் வெளியே வந்தார். நான் எட்டிப் பார்த்தேன். கூடத்தில் யாரும் இல்லை. அந்தக் கூடத்துக்கு வேறு கதவு கிடையாது. ஜன்னலில் கம்பி.

மறுநாள் காலையில் அவரே சொன்னார். பூ தொடுக்கிற மாதிரி நிதானமாக.

“நேத்து தேவி மலை வந்துதும்மா. மலை உச்சியில ஒரு கல்லு. பொம்பள நிக்கற மாதிரியே இருக்குதாம். கப்பல் வருதா வருதான்னு ஆத்தப் பாத்துகினே நிக்கறாளாம்.”

“யாரு சொன்னது?”

“அவருதான்.”

துக்கத்தில் இப்படி ஆனவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். பாவம் என்று மட்டும் நினைத்தேன்.

அதன்பிறகு தினமும் ஒரு காட்சி. ஆறு போகப்போக ஒடுங்குமாம். இரண்டு பக்கமும் மலை, சாத்தப்போகிற கதவு மாதிரி. உச்சிவெயிலில் மட்டும் கொஞ்சம் ஆகாயம். ஏணி வைத்தாலும் எட்டாத பாறைப் பொந்துகளில் மரப்பெட்டிகள் செருகியிருக்குமாம். பெட்டிக்குள் செத்தவர்கள். எந்தக் காலத்து ஆட்கள், யார் ஏற்றி வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதாம். பாறையைத் தோண்டி, கட்டை அடித்து, பலகை போட்டு அந்தக் காலத்தில் ஒரு பாதை போட்டிருந்தார்களாம். பலகை எல்லாம் உளுத்துப் போய் இப்போது வெறும் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்குமாம்.

செஞ்சியையும் பக்கத்து அனந்தபுரத்தையும் தாண்டாதவர் அம்மா. கேட்கக் கேட்க, அந்த ஈரக்காற்று என் முகத்தில் அடிப்பது போலவே இருக்கும்.

“அவரு பேசறது எனக்குக் கேக்கலயேம்மா,” என்றேன் ஒருநாள்.

“பேச்சு மாறிப்போச்சு. இத்தன வருஷம் தண்ணியில கெடந்ததால இருக்கும். எனக்கு மட்டும் புரியுது.”



அதே வாரம் குடத்து வாயில் கட்டியிருந்த வடிகட்டும் துணியை அவிழ்த்தேன். துணியில் வண்டல். மஞ்சளும் சிவப்பும் கலந்த நைசான சேறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் கருங்கல். அந்தச் சேறு அந்தக் கிணற்றில் இருக்க வழியே இல்லை...

அம்மாவின் தம்பி தர்மநாதன் அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சீனச் சண்டை முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

“தெருவுல பேசறாங்கம்மா. அக்கா வூட்டுக்குள்ள சீனாவப் பத்தியே பேசிகினு இருக்குதாம். எவனாவது போலீஸ்ல சொல்லிட்டா? வர்ற வாரம் வூட்டப் பூட்டிட்டு என்னோட கூட்டிகினு போயிடறேன்.”

அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“வெள்ளை ராஜாவோட கோட்டை வந்துடுச்சு,” என்றார். “நம்ம ராஜகிரி மாதிரியே மலைமேல கோட்டை. கீழ ஆறு. அதத் தாண்டுனா சுழல். ஒவ்வொரு மார்கழியும் வந்து அங்கதான் முடியுது. நாளைக்கு.”

“முடிஞ்சா?”

“இந்த வருஷம் நான் கிட்டப் போவப்போறேன், ரஞ்சிதம். இனிமே இந்த வூடு இருக்காது.”

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சாகத் துணிந்துவிட்டார். மறுநாள் டியூட்டியை வேறு நர்ஸுக்கு மாற்றிவிட்டு நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றைக் கழற்றி ஒளித்து வைத்தேன். அரிவாள்மணையை என் அறையில் போட்டுப் பூட்டினேன். கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இருக்கறதுன்னா இரு. பேசாத,” என்றார் அம்மா.

மணி ஐந்தரை. ஜன்னல் வழியே மஞ்சள் வெயில். தெருவில் வண்டி மாடுகளின் சலங்கை கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

தூரத்தில் எதுவோ இரைந்தது. காற்று என்று நினைத்தேன். காற்று இல்லை. தண்ணீர். ஏராளமான தண்ணீர், பாறையில் மோதி மோதி வருகிற சத்தம். தரைக்கு அடியிலிருந்து வந்தது.

அதற்குள்ளே இன்னொரு சத்தம்.

ஏ... ஓ... ஏ... ஓ...

ஒரு குரல் எடுக்க, பல குரல்கள் வாங்கின. மூச்சு வாங்கும் குரல்கள்.

அம்மா எழுந்தார். சுவரைப் பார்த்து நடந்தார். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கையையும் நீட்டினார். விரல்கள் எதையோ வேகமாகத் தடவின... தேடின...

“இரு... இரு... ஆச்சு...” என்றார்.

யாரிடம்?

தரை ஈரமாக இருந்தது.

திடீரென்று அம்மா முன்னால் சாய்ந்தார். கால் வழுக்கி விழுந்த சாய்வு இல்லை அது. தோளைப் பிடித்து யாரோ இழுத்த சாய்வு.

பாய்ந்து போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

இழுத்தேன்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

ஓர் ஆளின் இழுப்பு இல்லை அது.

என் கை எதன்மேலோ பட்டது. ஈரம். சொரசொரப்பு. முறுக்கேறி விறைத்த... கயிறு.

அந்தக் கூடத்தில் கயிறே இல்லை.

ஏ... ஓ...

பட்டென்று ஒரு சத்தம்.

இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம்.

சலங்கைச் சத்தம் திரும்பக் கேட்டது. தரை காய்ந்துதான் இருந்தது. ஜன்னலில் வெயில் அப்படியே இருந்தது. மணி பார்த்தேன். ஐந்து நாற்பது.

அம்மா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாவு வீட்டில் அழுகிற மாதிரி இல்லை. கையிலிருந்து குழந்தை நழுவினவள் அழுகிற மாதிரி.

“ஏம்மா இழுத்த?” என்றார். “ஏம்மா இழுத்த?”

அவர் இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடிப்பு. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான்தான் மருந்து போட்டேன். ஆறுவதற்குள் தர்மநாதன் வந்து அவரை அனந்தபுரத்துக்கு அழைத்துப்போனார். பஸ் ஏறும்போதும் அம்மா என்னோடு பேசவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

1968. நான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் வார்டில் செல்லப்பன் என்று ஒரு வயதானவர். நாகப்பட்டினத்துக்காரர். ஈரல் கெட்டு வந்திருந்தார். கப்பல் கப்பலாகச் சமையல் வேலை பார்த்த மனிதர். தூக்கம் வராத நேரத்தில் பழைய கதை பேசுவார். ஒருநாள் யாங்சி என்றார். கஞ்சி டம்ளர் என் கையில் அப்படியே நின்றது.

தேவி மலை, பொந்தில் பெட்டிகள், பாறையில் ஓட்டைகள் என்று நான் சொல்லச்சொல்ல அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“போயிருக்கீங்களா தாயி? பாத்த மாதிரி சொல்றீங்களே.”

“அந்தக் கப்பல்ல ஜினேந்திரன்னு ஒருத்தர்...”

“செஞ்சிக்காரரு. கிழங்குகூடத் தொடமாட்டாரு. அவரா?” என்றார். “அவரு அந்தத் தடவ கப்பல்ல ஏறவேயில்லியே தாயி.”



அந்த மலைகளுக்கு வெகு கீழே, ஹாங்கோ துறைமுகத்திலேயே ஜினேந்திரன் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். துணைக்கு இவரை விட்டுவிட்டுக் கப்பல் மேலே போய்விட்டதாம். நான்காவது நாள் ஜினேந்திரன் இறந்துபோனார்.

“கடைசி வாய்த் தண்ணி நான்தான் ஊத்துனேன். மொத தடவையா மேல போயி அந்த மலையெல்லாம் பாக்கணும்னு ரொம்ப ஆசை அவருக்கு. பாக்காமலே போயிட்டாரு. ஆபீஸ்ல சொன்னேன். யாரு காதுல வாங்குனா? கப்பலோட எல்லாரும் போயிட்டாங்கன்னு எழுதிட்டாங்க. அப்புறம் ஜப்பான்காரன் சண்டை வந்துருச்சு.”

“கப்பல்ல வேற தமிழ் ஆளுங்க?”

“ஒருத்தரும் கெடையாது. வெள்ளைக்கார கேப்டன். மத்தவன்லாம் சீனாக்காரன். அவுங்களவிட, கரையில நின்னவனுக கதைதான் கொடுமை.”

கோட்டையைத் தாண்டினால் வருகிற சுழலில் கப்பல் தானாக ஏறாதாம். கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்களாம். மூங்கில் நாரில் திரித்த கயிறு. ஒவ்வோர் ஆளும் தோளில் வார் போட்டு, அதைக் கயிற்றோடு முடிச்சுப் போட்டிருப்பான். கப்பல் பின்னால் சரிந்தபோது முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. பாறையிலிருந்து வரிசையாக ஆற்றுக்குள் போனார்களாம்.

“எத்தன பேருன்னுகூட யாரும் கேக்கல. கூலி ஆளு. பேரு ஊரு யாருக்குத் தெரியும்? அவன் வூட்டுக்கு யாரு சேதி சொல்லியிருப்பா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரம் போனேன். ஐந்து வருஷத்தில் நீலாஞ்சனா அம்மா பாதியாகியிருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். புருஷன் எங்கே இறந்தார், யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு சொன்னார்.

“வந்தது அவரு இல்லன்னு எனக்கு மொத வருஷமே தெரியும்மா.”

“தெரிஞ்சேவா?”

“யாரோ ஒருத்தன்னு சொன்னா நீ நம்புவியா, அதான் உங்கிட்ட அவருன்னு சொன்னேன். எம் புருஷன் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்புடுவாரு. வந்தவனுக்கு என் பேரே தெரியல. ஆனா அழுதுகினு நின்னான். அவ்ளோ தூரத்துலேந்து வந்து, சொல்றதுக்கு ஒரு ஆளில்லாம நிக்கறான். நானும் ஒரு சேதிக்குத்தான காத்துகினு இருந்தேன். எப்படிக் கதவச் சாத்தறது?”

“அன்னிக்கி... சாவறதுக்கு இல்லையா?”

“சாவறதுக்கா? முடிச்சு அவுக்கம்மா. ஒருத்தனுக்காவது அவுத்துவுடலாம்னு பாத்தேன். பாதி அவுத்துட்டேன். நீ இழுத்துட்ட.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் என் முதுகைத் தடவினார்.

“நீ இன்னா பண்ணுவ. பயந்துட்ட.”

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று சொல்லி எனக்கும் தட்டு வைத்தார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மார்கழியிலேயே இறந்துவிட்டார். தர்மநாதனின் தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர், ஆறு மணிக்குப் பார்த்தபோது சுவரில் சாய்ந்தபடி இருந்தாராம். முகம் அமைதியாக இருந்ததாம்.

நான் கிளம்பும்போது தர்மநாதன் பஸ் வரைக்கும் கூட வந்தார். ஏதோ சொல்ல நினைத்து, நினைத்து, நிறுத்திக்கொண்டே வந்தார். பஸ் வந்த பிறகுதான் கேட்டார்.

“நீங்க நர்ஸு. உங்களுக்குத் தெரியும்னு கேக்கறேன். அக்காவக் குளிப்பாட்டறப்போ பொம்பளைங்க பாத்திருக்காங்க. பத்து வெரல் நுனியும் தேஞ்சு போயிருந்துதாம். நகத்துக்குள்ள நார் நாரா என்னமோ இருந்துதும்மா. நானே எடுத்துப் பாத்தேன்...”

“என்ன நார்?”

“மூங்கிலு,” என்றார். “ஈரமா இருந்துது.”