குசினிக்குப் பின்னால் நின்ற மணல்

கலியாணம் முடிந்து சண்டிலிப்பாயிலிருந்து பருத்தித்துறைக்குக் கிழக்கே ஒரு கடலோர ஊருக்குப் போனேன். எங்கள் பக்கம் செம்மண் தட்டையாகக் கிடக்கும். அங்கே வீட்டுக்குப் பின்னால் பனைகளின் கழுத்துவரை மணல் குன்றாக ஏறி நின்றது. அந்த வருடம் சோளகக் காற்று வேலியைப் புதைத்து, மணலைச் சமைக்கிற குசினியின் சுவர்வரை கொண்டுவந்துவிட்டது.

என் கணவரின் தகப்பனான மாமாவுக்கு வீடுதான் உயிர். மழை பெய்தால் மணல் இறுகும், அப்போது அடியிலிருந்து வெட்டி எடுக்கலாம் என்று காத்திருந்தார். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாளே என் கணவரிடம் மண்வெட்டியை நீட்டினார்.

இவர் முதலில் உச்சிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்பு, மேலை ஒரு சாண்தான் நனைஞ்சிருக்கு. உள்ளுக்கு மா மாதிரிக் காய்ஞ்சு கிடக்கு. உச்சியிலை நீட்டுக்கு வெடிச்சும் இருக்கு. அடியிலை வெட்டினால் எல்லாம் ஒண்டாய் வரும்."

"வேலைக்குக் கள்ளம். பெண்சாதி வந்தாப் பிறகு உனக்கு மண்ணும் பயமாய்ப் போச்சு."

நான் குசினி வாசலில் நின்றேன். இவர் என் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வெட்டிய இடம் சுவர்போல நிமிர்ந்து நின்றது. "பார்த்தியே" என்றார் மாமா. நான் உலையில் அரிசி போடத் திரும்பினேன். பெரிய பாயொன்றைக் கிழித்ததுபோல ஒரு சத்தம். ஓடிவந்தபோது நனைந்த மேல்மணல் பாளம் பாளமாக உடைந்து கிடந்தது. அதன்மேல் காய்ந்த மணல் இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தது. இவர் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

அயலார் ஓடிவந்தார்கள். கையாலும் சட்டியாலும் அள்ளினோம். ஒரு கை அள்ள இரண்டு கை மணல் வந்து நிரம்பியது. மாமா குசினிச் சுவரோடு நின்று, "சுவரோடை குவிக்காதேங்கோ, அங்காலை எறியுங்கோ" என்றார். அவர் சொன்னபடியே எறிந்தார்கள்.

மணலை விலக்கியபோது இவர் நின்றபடியே இருந்தார். இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் இருந்தன. வாய் நிறைய மணல். குளிப்பாட்டக் குளிப்பாட்டக் காதிலிருந்து மணல் வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் மாமா தன் இளைய மகனை அதே இடத்துக்கு அனுப்பினார். குன்று சரிந்து படுத்துவிட்டதால் இனி விழுவதற்கு மேலே ஒன்றும் இருக்கவில்லை. அவன் பாட்டுக்கு அள்ளி முடித்தான். வேலி மறுபடி வெளியே தெரிந்தது.

"இவன்தான் வேலைகாரன். மூத்தவனுக்குப் பதம் தெரியேல்லை" என்று மாமா அயல்வீட்டாரிடம் சொன்னார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, அது அவருக்கு மேலை விழுந்து முடிஞ்சபடியால்தான் தம்பி இப்ப பயமில்லாமல் வெட்டினவன்."

அவர் என்னைப் பார்க்காமலே மாமியிடம் சொன்னார்: "வந்த உடனை புருஷனைத் திண்டவள் எனக்குக் கதை சொல்லுறாள். இவளின்ரை தமையனுக்கு ஆள் அனுப்பு."

என்னைக் கூட்டிப்போக அண்ணை வண்டி கொண்டுவந்தார். அந்த வீட்டுக்குப் பிறகு ஒரு சேதமும் வரவில்லை. மாமா அதில் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் இருந்தார்.