பானெட்டுக்கு உள்ளே என்ன கலர்?

காரின் வெளிப்பக்கத்துக்கு என்ன கலர் என்று ஊரே கூடி யோசனை சொல்லும். பானெட்டுக்கு உள்ளே, எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்துக்கு மட்டும் அந்த யோசனையைப் பெயிண்டர் தலையில் கட்டிவிடுவார்கள். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் பழைய கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். அமாவாசைக்குக் கடை லீவு. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் கிளப்பும் தூசெல்லாம் ஈரப் பெயிண்டில்தான் வந்து உட்காரும். நீங்களும் தின்னர் வாசனையில் நின்று அவஸ்தைப்பட்டவர் என்றால் என் கஷ்டம் புரியும். கீழே உள்ளதெல்லாம் ஒரே அம்பாசிடரால் வந்தது.

கருப்பு

காரின் சொந்தக்காரர் ஸ்டெல்லா டீச்சர், ரிட்டயரான கணக்கு டீச்சர். கணவர் இறந்த பிறகு நாலு வருஷமாக வண்டி ஷெட்டிலேயே கிடந்தது. இப்போது டிரைவிங் கற்றுக்கொண்டு தானே ஓட்டப் போவதாகச் சொன்னார். மெக்கானிக் கபூர் பாய் எஞ்சினை வெளியே எடுத்து வைத்திருந்தார். உள்ளே என்ன கலர் அடிக்கலாம் என்று டீச்சர் கேட்டதும், பெரிய அனுபவஸ்தன் தோரணையில், "கருப்பு அடிச்சிடலாம் டீச்சர், அழுக்கு தெரியாது" என்றேன். ஹோம்வொர்க் எழுதாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அழுக்கு தெரியாதுன்னா, ஆயில் ஒழுகறதும் தெரியாதே. அப்புறம் எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

ஒரிஜினல் பச்சை

கம்பெனியில் அடித்த கலரையே அடிப்பதென்று முடிவாயிற்று. வண்டி உள்ளும் புறமும் வெள்ளை. ஆனால் பேட்டரித் தட்டின் ஓரத்தில், வெள்ளை உரிந்த இடத்தில், ஓர் இளம்பச்சை தெரிந்தது. எந்த அம்பாசிடரிலும் நான் பார்க்காத பச்சை. அபூர்வமான வண்டி என்று டீச்சருக்கு போன் போட்டேன். அவரும் மகளுக்குச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதே பச்சையைக் கலக்கி, ஒரு தகரத்தில் அடித்து கபூர் பாயிடம் காட்டினேன். அவர் பேட்டரித் தட்டை விரலால் தேய்த்தார். பச்சை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இது கலர் இல்ல மாஸ்டர். பேட்டரி ஆசிட் பட்டு பூத்திருக்குது. ரெண்டு நாளா இன்னா கலக்குனீங்க, இதையா?"

நீலம்

அப்புறம்தான் புத்தி வந்து, உள்ளே திருகியிருந்த கம்பெனித் தகட்டைக் கழற்றினேன். அடியில் ஆகாய நீலம், நேற்று அடித்ததுபோல் பளபளவென்று இருந்தது. டீச்சரை வரவழைத்தேன். "ஒரிஜினல் நீலம்தான் டீச்சர். வேற யார்கிட்டயோ ஓடி, அப்புறம் வெள்ளை அடிச்சுத்தான் உங்க வீட்டுக்கு வந்திருக்குது" என்று விளக்கினேன். கபூர் பாய் என் காலை மிதித்தார். எனக்கு உறைக்கவில்லை. டீச்சர் அந்த நீலத்தை விரலால் தடவிப் பார்த்தபோதுதான், செத்துப்போன அவர் கணவரை மாட்டிவிட்டேன் என்று புரிந்தது. டீச்சர் மெல்லச் சிரித்தார்.

"புது வண்டின்னு சொல்லித்தானேப்பா என்னைப் பொண்ணு பார்க்கவே வந்தார். இந்த நீலத்தையே அடி. இனிமே பானெட்ட நானே தெறந்து பார்க்கிறேன்."

நம்பர்

நீலம் மூன்று கோட்டு அடித்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் பானெட்டுக்கு உள்ளே தகரத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்தார். தாளில் எதுவும் விழவில்லை. நம்பர் மேல் டேப் ஒட்ட மறந்து, பட்டி பார்த்து, அதன்மேல் மூன்று கோட்டும் அடித்திருக்கிறேன். நம்பர் இல்லாமல் புதுப்பிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். புதுப்பிக்காவிட்டால் வண்டி திரும்பவும் ஷெட்டுக்குத்தான் போகும்.

கெஞ்சி அரை மணி நேரம் அவகாசம் வாங்கினேன். தின்னரும் துணியுமாக வெயிலில் குனிந்து நின்றேன். டீச்சர் எனக்குக் குடை பிடித்தார். ஒவ்வொரு எண்ணாக எழும்ப, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி எண்ணும் தெரிந்தபோது, சுற்றியிருந்த என் அழகான நீலம் படர்தாமரை வந்த முதுகு மாதிரி ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் பென்சில் பிரதி எடுத்துக்கொண்டார். "நம்பர் சரியா இருக்குது. பெயிண்டரை மட்டும் மாத்திடுங்கம்மா" என்றார். டீச்சர் குடையை மடக்கினார்.

"வேணாம் சார். இவர் எங்கெங்க தப்பு பண்ணுவார்னு எனக்கு இப்ப தெரிஞ்சிருச்சு. புது ஆளுன்னா மறுபடி மொதல்லேருந்து கத்துக்கணும்."

இவ்வளவுக்குப் பிறகும் கடை வாசலில் 'கலர் ஆலோசனை இலவசம்' என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்களில் கபூர் பாயைத் தவிர வேறு யாரும் உள்ளே வந்ததில்லை.