முதுகுக்கென்று நான் தெரிந்தெடுத்த மூன்று பயிற்சிகள்

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. உரும்பிராயில் வீடு. சைக்கிளில் மூன்று மைல் போனால் நான் படிப்பித்த பள்ளிக்கூடம். இங்கிலீசும் தேகாப்பியாசமும் என்னுடைய பாடங்கள். முன்னதைச் சம்பளத்துக்காகப் படிப்பித்தேன், பின்னதை ஆசைக்காக. சீமையிலிருந்து தபாலில் எடுப்பித்த படப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பார்த்தும் என் உடம்பிலேயே செய்து பார்த்தும், எந்தப் பயிற்சி எந்தத் தசையைப் பிடிக்கிறது என்று பிரித்தறியப் பழகியிருந்தேன்.

முதுகுதான் என் பெருமை. மற்றவர்கள் கையையும் நெஞ்சையும் திரட்டிக்கொண்டு திரிய, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்று யாரோடும் வாதாடுவேன். கலியாணம் முடித்த புதிதில் சட்டையைக் கழற்றி மனைவிக்கும் காட்டினேன். அவள் அளவெட்டிப் பெண். பெரிய பேச்சுக்காரியல்ல, ஆனால் பேசினால் நேராக வந்து படும்.

“முதுகு நல்லாத்தான் இருக்கு. முகத்தைக் காட்டிக் கதைச்சியளெண்டால் இன்னும் நல்லாயிருக்கும்” என்றாள்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். விடிய எழுந்து பயிற்சி, பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் மாணவர்களுடன் விளையாட்டு மைதானம். பொழுதுபட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, புத்தகம். அப்படித்தான் முதல் வருடம் போனது.

இரண்டாம் வருடம் சிறுபோக வெங்காயம் நட்ட நாட்களில் அவள் முதுகு நோகிறது என்றாள். நடுமுதுகில், ஒரே இடத்தில். அவளுடைய தாய், என் மாமி, எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து தேய்த்தார். குறையவில்லை.

“இஞ்சாருங்கோ, பரியாரியாரிட்டை ஒருக்கால் காட்டுவமோ?” என்று ஊர் வைத்தியரிடம் போகக் கேட்டாள்.

“உது நோய் வருத்தமில்லை. முதுகுத் தசை பலவீனமாயிருக்கு. நான் பயிற்சி தாறன், நீர் செய்யும். ரெண்டு மாதத்திலை பாரும்” என்றேன்.

அந்த வாரம் முழுவதும் நான் எவ்வளவு உற்சாகமாக இருந்தேன் என்பதை நினைக்க இன்றும் கூசுகிறது. புத்தகத்தில் முதுகுக்கென்று பதினைந்துக்கு மேல் பயிற்சிகள் இருந்தன. அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். துலாக்கயிறு இழுப்பதைப் போன்றவற்றை விட்டேன். அதை அவள் தினமும் கிணற்றடியில் செய்கிறாள். வெறுமனே இடுப்பைத் திருப்புகிறவற்றையும் விட்டேன். அவை சோம்பலை முறிக்கும், பலத்தைத் தரா. கடைசியில் மூன்று நின்றன. குப்புறப் படுத்துக் கைகளைப் பின்னால் கட்டி நெஞ்சைப் பாயிலிருந்து உயர்த்துவது, முள்ளந்தண்டின் இரு பக்கமும் ஓடும் நீளத் தசைகளுக்கு. இடுப்பில் குனிந்து, முதுகை நேராக வைத்து, மண் நிரப்பிய பால் தகரப் பேணிகளை விலாப்பக்கம் இழுப்பது, தோட்பட்டைக்குக் கீழே விரியும் தசைக்கு. மூன்றாவது, குழி கிண்டும் இரும்புக் கம்பியான அலவாங்கை நிலத்திலிருந்து தூக்கி நிமிர்வது. அது முழு முதுகுக்கும். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பாரத்தையும் கூட்ட வேண்டும். ஒரு திடகாத்திரமான ஆளுக்கு இன்றைக்கும் அதே மூன்றைத்தான் சொல்வேன். பயிற்சிகளில் பிழையில்லை.

அயலவர்கள் கண்டால் சிரிப்பார்கள் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வோம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அலவாங்கைத் தூக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். பக்கத்தில் இருந்து எண்ணுவேன். “குனியாதையும்... ஓம், அப்பிடித்தான்” என்பேன். முதல் சில நாட்கள் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த மாதம் பின்னேரங்களில் அவளுக்கு உடம்பு சுடத் தொடங்கியது. சாப்பாடு குறைந்தது. நோவு கூடியிருக்கிறதோ என்று கேட்டேன். “கொஞ்சம்” என்றாள்.

“தசை உருவாகேக்கை நோகும். எனக்கும் நொந்ததுதான்” என்று சொல்லிப் பேணிகளில் இன்னும் கொஞ்சம் மண் போட்டேன்.

ஒரு காலை அவள் குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தியபோது, தசை இறுகுகிறதா என்று பார்க்க உள்ளங்கையை முதுகில் வைத்தேன். நடுவில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. மெலிந்துவிட்டாள், அதனால் எலும்பு தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை எடுத்துவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தேன்.

நாலாம் நாள் கிணற்றடியில் வாளியோடு விழுந்தாள். தூக்கி நிறுத்தினேன். கால்கள் நிற்கவில்லை. “கால் என்ரை சொல்லுக் கேக்குதில்லை” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

வாடகைக் கார் பிடித்துப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அந்த எலும்பை விரலால் தொட்டதும் அவள் கத்தினாள். எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார்கள். சயரோகம் முள்ளந்தண்டைப் பிடித்து ஒரு எலும்பை அரித்துவிட்டது, அது நொறுங்கி நரம்பை அமத்துகிறது என்றார். பாரம் ஏதாவது தூக்கினவவோ என்று கேட்டார். பயிற்சிகளைச் சொன்னேன்.

“உந்த வருத்தக்காரரை அசையவே விடுறதில்லை, மாஸ்டர். ஆர் உதுகளைச் செய்யச் சொன்னது?”

“நான்தான்.”

அவர் என்னைத் திட்டவில்லை. கடதாசியில் ஏதோ எழுதினார். பிறகு, செய்யாமல் விட்டிருந்தாலும் வருத்தம் வருத்தம்தான் என்றார். அது உண்மையோ இரக்கமோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

கழுத்திலிருந்து இடுப்புவரை வெள்ளைச் சாந்தில் கட்டுப் போட்டு இறுக்கி, மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஐந்து மாதம் அப்படிக் கிடந்தாள். மாமி பகலில் இருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போவேன். மைதானத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். அவள் தலையைத் திருப்ப ஏலாது என்பதால் கட்டிலுக்கு மேலே குனிந்து நின்றுதான் கதைப்பேன். அப்படி ஒரு பின்னேரம், பல நாள் நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்.

“நான்தான் உம்மை இப்பிடிக் கிடத்தினனான்.”

“டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டது” என்றாள். “ஆனா எனக்கு முதலே தெரியும். ரெண்டாம் கிழமையே நோ கூடிட்டுது.”

“ஏன் சொல்லேல்லை?”

“காலமை அரை மணித்தியாலம் கதவைச் சாத்திப்போட்டு எனக்குப் பக்கத்திலை இருப்பியள். நொந்தது எண்டு சொன்னால் அது இல்லாமல் போயிடும் எண்டு நினைச்சன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. அவள் தன் ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிக் கேட்பாள். மாமி கொண்டுவந்த செய்திகளை நான் இன்னொரு முறை சொல்வேன்.

மாரி தொடங்கியதும் நெஞ்சில் சளி கட்டியது. சாந்துக்குள் மூச்சு ஏற இடமில்லை. அதை வெட்டி எடுத்தார்கள். மூன்று நாள் இருந்தாள். ஒரு மத்தியானம், நான் வகுப்பில் நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து செய்தியைச் சொன்னார். மாமி என்னை ஒரு சொல் கேட்டதில்லை. முப்பத்தொன்றாம் நாள் அந்திரட்டிச் சடங்கு முடிந்த அன்று மட்டும், “தம்பி, அவள் உங்களைப் பற்றி ஒரு குறையும் எனக்குச் சொன்னதில்லை” என்றார். அதைத் தாங்குவதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

தவணை தொடங்கியபோது தலைமையாசிரியரிடம் போய்த் தேகாப்பியாச வகுப்பை வேறு யாருக்காவது கொடுக்கும்படி கேட்டேன். ஏன் என்று அவர் கேட்டார். இனி ஏலாது என்று மட்டும் சொன்னேன். அவர் நேர அட்டவணையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பூமிசாத்திரம் படிப்பிக்க ஆளில்லை என்றார். அதையே எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை மலைகளையும் ஆறுகளையும்தான் படிப்பித்தேன்.