ரபீக் குறைத்த நாலு கிலோ

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் ரபீக்கை எடையில் ஏமாற்ற இன்னொருத்தன் பிறந்துதான் வரவேண்டும். ஒரு பிடி காயை அள்ளிக் காதோரம் குலுக்குவார். உள்ளே விதை கலகலக்கவில்லையா, ஈரம் இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவா என்று மூட்டையைத் திருப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுசனை வீட்டிலிருந்த சின்ன எடை மிசின் பாடாய்ப் படுத்தியது.

அக்கா சுமையாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். தம்பி ரபீக்கின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் தொண்ணூற்றிரண்டு கிலோ உடம்பில் கத்தி வைக்க முடியாது, மூன்று மாதத்தில் எண்பத்திநாலுக்கு வாருங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

ரபீக் சோற்றை விட்டார். சோறு, இட்லி, பரோட்டா ஒழிந்தால் உடம்பு தன்னாலே கொழுப்பை எரிக்கும், கறியும் நெய்யும் எவ்வளவு தின்றாலும் கணக்கில்லை என்று செல்போனில் எவனோ அடித்துச் சொன்னான். எட்டே நாளில் நாலு கிலோ போனது! அக்கா வீட்டுக்கு ஓடிச் சொன்னார். அன்றைக்கு அவள் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அதோடு சரி, முள் நகரவில்லை. விடிந்ததும் ஏறிப் பார்ப்பார், கடைக்குக் கிளம்புமுன் பார்ப்பார், சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். கடையில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். அவர் மனைவி ரெஹானா வாயைத் திறக்கவே பயந்தாள். இப்படியே ஒரு மாதம் போய்விட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் ஹேமாவதி, ரபீக் தின்பதையெல்லாம் கேட்டு எழுதினார். சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தச் சாப்பாடு குறைந்தால்தான் கொழுப்பு கரையும், சோற்றை விட்டதற்காக உடம்பு தனிச் சலுகை எதுவும் தராது என்றார்.

"முதல்ல போன நாலு கிலோ பெரும்பாலும் தண்ணி சார்."

ரபீக்குக்கு முகம் செத்துப்போனது. ஊரான் மூட்டையில் ஈரம் கண்டுபிடிக்கிறவருக்குத் தன் உடம்பு ஈரம் தெரியவில்லை. அக்காவுக்கு வேறு ஆசை காட்டிவிட்டாரே, அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நேராக அவள் வீட்டுக்குத்தான் போனார்.

"அக்கா, அந்த நாலு கிலோ வெறும் தண்ணின்னு சொல்லிட்டாகக்கா."

சுமையா சிரித்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்டா. டயாலிசிஸ்ல படுத்து எந்திரிச்சா எனக்கும் ரெண்டு மூணு கிலோ போகுது. தண்ணி எடை எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் சொல்லல?"

"அம்புட்டுச் சந்தோசமா வந்து நின்னியேடா."

சொல்லிவிட்டுத் தட்டில் இரண்டு கரண்டி சோறு வைத்தாள். ரபீக் ஒரு கரண்டியை எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தின்றார். இன்னும் ஐம்பது நாள்தான் இருந்தது.