பீச்சாங்கையும் சைக்கிள் கப்பும்

இதை எழுதிக்கொண்டிருக்கும் என் இடக்கைக்கு ஏழு வயதில் ஒரு வாரச் சிறைவாசம் வாய்த்தது. அம்மா தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, அந்தக் கையை என் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். எங்கள் பரவை ஊரில் இடக்கைக்குப் பீச்சாங்கை என்று பெயர். அதற்கு விதித்த வேலை ஒன்றே ஒன்றுதான், அதையும் கொல்லைப்பக்கம் ஒதுங்கித்தான் செய்யவேண்டும். என் கையோ அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வரும். சிலேட்டுக் குச்சியைக் கண்டால் அதற்குத் தலைகால் புரியாது.

வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சரஸ்வதியைப் பீச்சாங்கையால் தொடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது? வருகிற திங்கட்கிழமை வலக்கையால் 'அ' எழுதிக் காட்டினால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும். அம்மாவுக்கு இதில் பெரிய வருத்தமில்லை. ஆடு மேய்க்க 'அ' எதற்கு என்பது அவள் கட்சி. எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது. எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போன ஒரே பெண் நான். அந்தப் பவிசை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வலக்கையால் நான் போட்ட 'அ' எல்லாம் கல்லடி பட்ட தவளை மாதிரி மல்லாந்தே கிடந்தன.

கெடுவுக்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, அப்பா சைக்கிளைக் கழற்ற உட்கார்ந்தார். அவருக்கு மதுரையில் ஒரு மில்லில் குமாஸ்தா உத்தியோகம். பெடலை மிதிக்கும்போதெல்லாம் அது மாட்டியிருக்கும் கிராங்கு 'கடக், கடக்' என்று அடித்துக்கொண்டதில், அவர் வருவது அரை மைலுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். சைக்கிள் கடையில் விட்டால் மூன்று நாள் கிடப்பில் போடுவார்கள், நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்துவிட்டார். துணைக்குக் கொட்டாம்பட்டியிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, வந்திருந்தார். மாமாவுக்குத் தெரியாத வேலை கிடையாது. அவர் முடித்த வேலையும் கிடையாது.

"இதுல என்ன மச்சான் இருக்கு? நடுவுல ஒரு அச்சு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கப்பு, உள்ள அம்புட்டும் குண்டு. கழட்டித் தொடைச்சு மாட்டுனா முடிஞ்சது" என்றார்.

சைக்கிளைத் தரைக்கு மேலே தூக்கி வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கிராங்கைப் பிடித்திருந்த முளையைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெளியேற்றியதில் மாமாவின் கட்டைவிரல் வீங்கியது. இடப்பக்கத்துக் கப்பு சமர்த்தாகக் கழன்று வந்தது. அச்சு வந்தது. கூடவே குண்டுகளும் பொலபொலவென்று கொட்டி, கோழி ஒன்றைக் கொத்தப் பார்த்து அடி வாங்கியது. அம்மாவின் குழம்புச் சட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றி அத்தனையையும் ஊறப்போட்டார்கள். சட்டியைப் பார்த்த அம்மா அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

வலப்பக்கத்துக் கப்புதான் வம்பு செய்தது. திருகு எதுவானாலும் இடப்பக்கமாகத் திருப்பினால் கழலும், வலப்பக்கமாகத் திருப்பினால் இறுகும். இது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. அப்பா இடப்பக்கமாகத் திருப்பினார். அசையவில்லை. மாமா திருப்பினார். அசையவில்லை. ஸ்பானரின் நுனியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, கீழே குந்தி, குழாய்க்கு அடியில் தோளைக் கொடுத்து மாமா மேலே நெட்டினார். சைக்கிள் மரத்தோடு சேர்ந்து முனகியது. மாமாவும் முனகினார்.

"எம்புட்டு இறுக்கம் பாத்தீகளா மச்சான், வெள்ளைக்காரன் வேல" என்றார்.

"மொதல்ல சாப்பிடுவோம் மாப்ள, ஒடம்புல தெம்பு வேணும்" என்றார் அப்பா. குழாயும் ஸ்பானரும் அப்படியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்க, எல்லோரும் உள்ளே போனார்கள்.

நான் முற்றத்தில் தனியாக இருந்தேன். வலக்கையில் பனங்கிழங்கு. அம்மாவின் தலை மறைந்ததும் துணிக்கட்டிலிருந்து இடக்கையை உருவிக்கொள்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. எட்டுகிற உயரத்தில் ஒரு குழாய் சும்மா நீட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை பேசாமல் இருக்கும்? ஒரு குதி குதித்து, இடக்கையால் அதைப் பிடித்துத் தொங்கினேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம். குழாய், ஸ்பானர், பனங்கிழங்கு, நான் எல்லோரும் தரையில் கிடந்தோம். எழுந்து பார்த்தால் கப்பு ஆடியது. விரலாலேயே திருகத் திருக அது சுற்றிச் சுற்றி வந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

சத்தம் கேட்டு மூவரும் ஓடிவந்தார்கள். மாமா கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தக் கையால கழட்டுன?" என்றார்.

பொய் சொல்ல வழியில்லை, கப்பு இருந்ததே அந்தக் கையில்தான். "இதால" என்றேன்.

எந்தப் பக்கமாகத் திருப்பினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தக் கை என்பதுதான் கேள்வி. "ரெண்டு ஆம்பளைக கழட்ட முடியாதத ஒத்தப் பீச்சாங்கையால கழட்டிருக்கா. அக்கா, இது ராசிக் கை. இதப் போயி கட்டிப்போட்டுட்டியே" என்றார் மாமா. அம்மா நாடாவில் தொங்கிய துணியை அவிழ்த்து, என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தின நாள் அதே கையில்தான் கரண்டியால் ஒரு போடு போட்டிருந்தாள்.

மாமா சேதியைத் தெருவுக்குச் சொல்லப் போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் திறக்காத டப்பாவும் சாவி சுழலாத பூட்டுமாக நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். அப்பா தனியே உட்கார்ந்து கப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போல வலப்பக்கமாகத் திருப்பினார், பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார், பிடிக்கவில்லை. அப்புறம் எதற்கோ இடப்பக்கமாகத் திருப்பினார். அது மளமளவென்று உள்ளே போயிற்று. அப்பா அதை ஒரு சுற்று வெளியே, ஒரு சுற்று உள்ளே திருகிப் பார்த்தார். பிறகு அதை முழுவதும் வெளியே எடுத்து, "வா தாயி, இத நீதான் மாட்டணும். ஒன் கைக்குத்தான் இது மசியும்" என்றார். நான் மாட்டினேன். எனக்கு ஒரே கர்வம்.

மறுநாள் காலை அப்பா மில்லுக்குப் போகுமுன் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். சங்கதி எங்களுக்கு முன்பே வாத்தியாரிடம் போயிருந்தது. அவர் நம்பவில்லை. மேசையிலிருந்த மை பாட்டிலை எடுத்தார். "மாசக் கணக்கா இதத் தெறக்க முடியல. ராசிக் கை தெறக்குதான்னு பாப்போம்" என்றார்.

"குடுங்க, நெசமாவே இறுகித்தான் கெடக்கான்னு பாக்குறேன்" என்று அப்பா அதை வாங்கிக்கொண்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "ம்ஹூம், நம்மால ஆகாது" என்று என்னிடம் தந்தார். என் இடக்கை தொட்டதும் மூடி வெண்ணெயாகத் திறந்துகொண்டது. வாத்தியார் சிலேட்டை எடுத்து என் இடப்பக்கத்தில் வைத்தார். அப்பா தன் விரல்களில் இருந்த நீலக் கறையை வேட்டி மடிப்புக்குள் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டிலைத் திறந்தது நான், மை அவர் கையில் எப்படி வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கிராங்கு முளை சரியாக உட்காரவில்லை என்று, வீம்பை விட்டுவிட்டு அங்கேதான் போகவேண்டியிருந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வலது கப்பையுமா கழட்டுனீக? அதக் கழட்டவே வேணாமேண்ணே. இடது கப்ப எடுத்தாலே எல்லாந் தொடைச்சிரலாம். அந்த ஒண்ணுக்கு மட்டும் மரை தலைகீழு, வலப்பக்கமாத் திருப்புனாத்தான் கழலும். தெரியாம இழுத்தா பயில்வானுக்கும் வராது. தெரிஞ்சுக்கிட்டா பச்சப்புள்ள கழட்டிரும்."

"தெரியும்ணே" என்றார் அப்பா மெதுவாக. என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கடையில் ஒரு கடலை மிட்டாய் வாங்கி, என் இடக்கையைப் பிரித்து அதில் வைத்தார். முகத்தருகே குனிந்து, "தாயி, இது நமக்குள்ளயே இருக்கட்டும். வீட்டுல மூச்சு விடக்கூடாது" என்றார்.

எனக்கு வயிற்றில் பூச்சி என்று அம்மா அப்போது இனிப்பே கண்ணில் காட்டுவதில்லை. அதனால் அப்பா சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வீடு வருவதற்குள் மிட்டாயைத் தின்றுமுடித்து, விரல்களை நக்கி, பாவாடையில் துடைத்தேன். அம்மா காலமாகும்வரை அந்த மிட்டாயைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விட்டதே இல்லை.