விழுந்து காட்டியவர்

சனிக்கிழமைகளில் சோஹோ கடைத்தெருக்களில் புதுப்புதுக் கோப்பிக் கடைகளைச் சோதித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அப்படியொரு கடையில் எதிரே உட்கார்ந்த தமிழருக்கு, கண்களைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது.

“இந்த மாசி மாதக் குளிரில எங்கையண்ணை இந்த வெயில்?” என்றேன்.

“சுவிஸில, தம்பி. கண்ணாடி போட்டுக்கொண்டு பனியில சறுக்கிற ஸ்கீ பழகப் போனனான். முந்தி அங்க ஒரு ஹோட்டலில கோப்பை கழுவினனான். பனியில விழுற ஆக்களைக் குசினி ஜன்னலால பாத்துச் சிரிப்பம். இந்தமுறை அதே ஜன்னலுக்கு முன்னால நான் விழுந்தன். உள்ள நிண்ட பெடியள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாங்கள்.”

“வெக்கமா இல்லையோ?”

“முதல்நாள் வெக்கம்தான். பிறகு, பாவம், கடும் வேலை செய்யிற பெடியள் எண்டு தினமும் அதிலை ஒருக்கா விழுந்து காட்டினன்.”

எழுந்து போகையில் வாசலில் கால் இடறித் தடுமாறினார். அதுவரை உம்மென்றிருந்த கடைப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் தடுமாற்றம் தற்செயலா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.